பழைய காசைப் படம் எடுப்பது எப்படி? ஆன்லைனில் விற்கப் புதிதாக இறங்குபவர்களுக்கு

1911-ல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயில், அரசரின் மேலங்கி மீது ஒரு சின்ன யானை இருக்கும். தும்பிக்கை குட்டையாக விழுந்துவிட்டதால் அது பார்த்தவர் கண்ணுக்குப் பன்றி மாதிரி தெரிந்தது. சலசலப்பு கிளம்பியதும் அச்சைத் திருத்தினார்கள். 1912 முதல் தும்பிக்கை நீண்டு, காது துலங்கி, யானை யானையாகவே வந்தது. சேகரிப்பவர்கள் இன்றும் 1911 காசைப் 'பன்றி ரூபாய்' என்றுதான் சொல்கிறார்கள். வாங்க வருபவர் ஆண்டு எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய மாட்டார். அந்த யானையையும் பெரிதாக்கிப் பார்ப்பார். காசின் குறுக்களவே சுமார் 30.5 மி.மீ.தான். அதில் யானைக்குக் கிடைத்த இடம் சில மில்லிமீட்டர். உங்கள் படத்தில் அந்த இடம் வெறும் சாம்பல் திட்டாக இருந்தால், அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

புதுச் சட்டையையோ புது மிக்சியையோ விற்க எடுக்கும் படமும் இதுவும் ஒன்றல்ல. புதுப் பொருளில் ஒன்றைப் படம் எடுத்தால் ஆயிரம் பெட்டிக்கும் அது பொருந்தும். பழைய பொருளில் நீங்கள் படம் எடுப்பது அந்த ஒரே ஒரு காசை. அதன் தேய்மானமும் கீறலும் நிறமும் வேறு எந்தக் காசுக்கும் கிடையாது. நேரில் என்றால் வாங்குபவர் காசை விரலிடுக்கில் பிடித்து, வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்ப்பார். ஆன்லைனில் அந்த வேலையை அவருக்காகப் படம்தான் செய்ய வேண்டும். அழகாக எடுத்து அடிபட்ட இடத்தை மறைத்தால் காசு விற்கும், பிறகு திரும்பி வரும். அனுப்பிய செலவும் திருப்பி எடுத்த செலவும் உங்கள் தலையில்.

இங்கே வெள்ளி ரூபாயை வைத்தே பெரும்பாலும் விளக்கியிருக்கிறோம். காரணம், சிறிய, தட்டையான, பளபளக்கும் பொருள்தான் படம் எடுக்க மிகவும் கடினம். இது கைவந்துவிட்டால் மற்றவை சுலபம்.

முதலில் கையைக் கட்டுங்கள்

படம் எடுப்பதற்கு முன் காசைத் துலக்க வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். வீட்டில் வெள்ளிக்கு விபூதி, பித்தளைக்கும் செம்புக்கும் புளி, அல்லது பீதாம்பரி தூள் என்று ஒரு பழக்கம் உண்டு. குத்துவிளக்குக்கு அது சரி. சேகரிப்புக் காசில் அது விலையை அப்படியே இறக்கிவிடும். தூள் தேய்த்த இடமெல்லாம் ஒரே திசையில் மெல்லிய கோடுகள் விழும். கையில் பார்க்கும்போது பளிச்சென்று இருக்கும். விளக்கைச் சாய்த்தால் தலைமுடி போல நூறு கோடுகள் தெரியும். பல ஆண்டுகள் காற்றுப் பட்டுத் தானாக ஏறிய கருநீலம், பழுப்பு, பொன்னிறச் சாயல்களுக்காகவே கூடுதலாகக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தேய்த்து எடுத்ததைத் திரும்ப ஏற்ற முடியாது.

தூசு இருந்தால் கேமராக் கடையில் கிடைக்கும் ரப்பர் ஊதியால் ஊதுங்கள், வாயால் ஊதாதீர்கள். எச்சில் துளி பட்ட இடம் நாளாக ஆகக் கரும்புள்ளியாகும். காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள். செம்புக் காசின் முகத்தில் பெருவிரல் பதிந்தால், அந்த ரேகை சில மாதங்களில் காசிலேயே ஊறி நிலைத்துவிடும். கீழே ஒரு மெல்லிய துணி விரித்திருப்பது நல்லது. கை தவறி மொசைக் தரையில் விழுந்து விளிம்பு நசுங்குவது நடக்காத விஷயமில்லை.

போனை நிறுத்துவது

நல்ல கேமராவும் மேக்ரோ லென்சும் இருந்தால் மகிழ்ச்சி, இல்லாவிட்டாலும் இன்றைய நடுத்தரப் போன் போதும். போதாதது கை. கையில் பிடித்து எடுத்த காசுப் படங்களில் பாதி லேசாக ஆடியிருக்கும், மீதி லேசாகச் சாய்ந்திருக்கும். போனைக் கீழ்நோக்கி நிறுத்தும் ஸ்டாண்டு கடையில் கிடைக்கும். அல்லது ஒரே உயரத்தில் இரண்டு புத்தக அடுக்கு வைத்து, இடையில் ஒரு கண்ணாடித் தட்டைப் பாலம் போலப் போட்டு, அதன் மேல் போனைக் குப்புற வைக்கலாம். கண்ணாடியில் கைரேகை இருக்கக் கூடாது.

லென்சுக்கும் காசுக்கும் 15 முதல் 20 செ.மீ. இடைவெளி விடுங்கள். புதிதாக எடுப்பவர்கள் 5 செ.மீ. வரை போய்விடுவார்கள். அப்போது மூன்று சிக்கல் சேர்ந்து வரும்: போனின் நிழல் காசு மேல் விழும், விளக்கு வைக்க இடம் இருக்காது, பல போன்கள் தாமாகவே அகலக் கோண லென்சுக்கு மாறிவிடும். அந்த லென்சில் காசின் நடுப்பகுதி கூர்மையாகவும் ஓரம் இழுத்துப் பிடித்த மாதிரியும் விழும். திரையில் சின்னப் பூச் சின்னம் தோன்றினால் அது மாறிவிட்டது என்று பொருள், அதை அணையுங்கள். தள்ளி நின்று 2 மடங்கு லென்சில் எடுத்து, பிறகு ஓரத்தை வெட்டிக்கொள்வதே மேல்.

சாய்வைச் சரிபார்க்க ஒரு கைக்கண்ணாடி போதும். காசு வைக்கப்போகும் இடத்தில் அதைப் படுக்க வையுங்கள். திரையில் உங்கள் போன் லென்சின் பிம்பம் தெரியும். அந்த லென்ஸ் திரையின் நட்டநடுவில் வந்தால் போனும் மேசையும் இணையாக இருக்கின்றன. ஓரமாக ஒதுங்கினால் போனின் ஒரு பக்கத்துக்கு அடியில் அட்டைத் துண்டு செருகுங்கள். இதைச் செய்யாமல் எடுத்தால் ஜார்ஜின் கிரீடம் கூர்மையாகவும் கீழே மேலங்கி மங்கலாகவும் வரும். போகஸ் தவறிவிட்டது என்று நினைத்துப் பத்துத் தடவை எடுத்துக்கொண்டே இருப்பீர்கள்.

பொத்தானைத் தொட்டாலும் போன் ஆடும். 2 நொடி டைமர் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பெரிய படம் தேவை? கணக்குப் போட்டால் புரியும். 30.5 மி.மீ. காசு படத்தில் 1500 பிக்சல் அகலத்துக்கு வந்தால், மில்லிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 49 பிக்சல். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அகலமுள்ள கீறல் இரண்டு மூன்று பிக்சல் எடுத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியும். அதே காசு 500 பிக்சலில் இருந்தால் அந்தக் கீறலுக்கு ஒரு பிக்சல்கூடக் கிடைக்காது. ஈபே நீளமான பக்கத்துக்கு 500 பிக்சலைக் குறைந்தபட்சமாகக் கேட்கிறது, 1600-ஐப் பரிந்துரைக்கிறது. குறைந்தபட்சத்தை மறந்துவிடுங்கள். காசுக்கு 1600 பிக்சல்தான் தொடக்கம்.

எல்லாம் விளக்கில்தான்

காசு ஒரு சிறு கண்ணாடி, அதே நேரம் ஒரு சிறு சிற்பம். கண்ணாடிக்கு ஏற்ற வெளிச்சமும் சிற்பத்துக்கு ஏற்ற வெளிச்சமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. படம் எடுக்கும் கஷ்டம் முழுவதும் இந்த இழுபறிதான்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். இருட்டு அறையில் கழுத்து வளையும் எல்இடி மேசை விளக்கு ஒன்றை மட்டும் போட்டு, அதிகம் புழங்காத ஒரு காசை அதன் கீழே வையுங்கள். விளக்கை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தினால், 15 அல்லது 20 டிகிரிக்கு, முகமும் எழுத்தும் மேலெழுந்து நிற்கும். தட்டையான பரப்பு இருண்டுவிடும். இருக்கிற கீறல் எல்லாம் வெள்ளிக் கம்பி போலப் பளிச்சிடும், இல்லாத அளவுக்குப் பெரிதாகவும் தெரியும். இப்போது விளக்கை உயர்த்துங்கள். 60, 70 டிகிரிக்கு வரும்போது பரப்பு திடீரென்று உயிர்பெறும். புதுக் காசில் ஒளி சக்கரத்தின் ஆரக்கால் போல நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும். அச்சகத்திலிருந்து வந்த மினுக்கு அதுதான். தேய்ந்த காசிலும் துலக்கிய காசிலும் அது ஓடாது. வாங்குபவர் முதலில் தேடுவது இதைத்தான் என்பதால், முதன்மைப் படத்துக்கு விளக்கு உயரத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு விளக்கு வைத்துக்கொண்டால், காசைக் கடிகாரமாக நினைத்து ஒன்றைப் பத்து மணிக்கும் மற்றொன்றை இரண்டு மணிக்கும் வையுங்கள். காசிலிருந்து 25, 30 செ.மீ. தொலைவு போதும். இரண்டும் லென்சை ஒட்டினாற்போல, ஆனால் லென்சில் நேரே அடிக்காமல் இருக்கட்டும்.

விளக்கு ஆறு மணிப் பக்கம், அதாவது கீழிருந்து வரக் கூடாது. வெளிச்சம் மேலிருந்து வரும் என்றே நம் கண் பழகியிருக்கிறது. கீழிருந்து ஒளி வந்தால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மூளை மாற்றிப் புரிந்துகொள்ளும். அரசர் முகம் குழிந்துபோன அச்சு மாதிரி தெரியும். ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும், என்னவென்று பிடிபடாது. படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

வெள்ளைத் துணிக் கூடாரமும் பட்டர் பேப்பர் மறைப்பும் எல்லாப் பொருளுக்கும் நல்லது என்று சொல்வார்கள். பித்தளை விளக்குக்கும் பீங்கான் பொம்மைக்கும் அது உண்மை. காசுக்கு அது கெடுதல். எல்லாத் திசையிலிருந்தும் பரவிய ஒளி வந்தால் அந்த ஆரக்கால் ஓட்டம் அணைந்துவிடும், வெள்ளிக் காசு அலுமினியத் தகடு மாதிரி சப்பென்று ஆகும். கீறலும் மறைந்துவிடும். பொருளைத் தெரிந்த வாங்குபவர் இப்படிப்பட்ட படத்தைப் பார்த்ததுமே இவர் எதையோ ஒளிக்கிறார் என்று நினைப்பார்.

மிகப் பளபளப்பான காசுகளுக்கும், நிறம் ஏறிய காசுகளுக்கும் இன்னொரு முறை உண்டு. போட்டோ பிரேமிலிருந்து எடுத்த மெல்லிய கண்ணாடி ஒன்றைக் காசுக்கு மேலே 45 டிகிரி சாய்வாக நிறுத்துங்கள். விளக்கைப் பக்கவாட்டில், காசின் மட்டத்திலிருந்து சற்று மேலே, அந்தக் கண்ணாடியைப் பார்த்தபடி வையுங்கள். ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பிச் செங்குத்தாகக் காசின் மேல் இறங்கும், காசிலிருந்து அதே பாதையில் எழுந்து கண்ணாடி வழியே லென்சுக்கு வரும். நீலமும் செம்பொன்னும் ஒரே படத்தில் முழுதாகத் தெரியும். கண்ணாடி கொஞ்சம் ஒளியையே திருப்பும், பெரும்பகுதி ஊடுருவிப் போய்விடும். அதனால் விளக்குப் பிரகாசமாக இருக்க வேண்டும், ஷட்டரும் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். விளக்குக்கு எதிர்ப்பக்கம் கறுப்பு அட்டை நிறுத்தாவிட்டால் எதிர்ச்சுவர் கண்ணாடியில் பிரதிபலித்துப் படம் முழுவதும் பால்போலப் புகைபடரும். விளக்கு காசின் மேலேயே நேரடியாக அடிக்காமலும் ஒரு அட்டைத் துண்டால் மறையுங்கள். இந்த முறையில் புடைப்பு குறைந்து தெரியும், எனவே இதை இரண்டாவது படமாக மட்டும் வையுங்கள்.

நிறம் மாறினால் விலை மாறும்

கிழக்கிந்தியக் கம்பெனியின் 1835 கால் அணாவோ, பின்னால் வந்த செம்புக் காசுகளோ, அவற்றில் அச்சடித்த நாளின் செந்நிறம் எவ்வளவு மிச்சம் என்பதே விலையில் பெரும் வித்தியாசம் உண்டாக்கும். முழுப் பழுப்புக் காசு மஞ்சள் பல்பின் கீழ் செக்கச் செவேலென்று விழும். நீங்கள் பொய் சொல்லவில்லை, கேமரா சொல்லிவிட்டது. வாங்குபவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அறையில் ஒரே வகை வெளிச்சம் மட்டும் இருக்கட்டும். ஜன்னல் பகலொளி ஒருபுறம், ட்யூப்லைட் ஒருபுறம் என்று கலந்தால் காசின் ஒரு பாதி நீலமாகவும் மறுபாதி மஞ்சளாகவும் ஆகும், எந்த ஆப்பாலும் பிறகு சரிசெய்ய முடியாது. ஜன்னலை மூடி, விளக்கில் மட்டும் எடுங்கள். எல்இடி வாங்கும்போது ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண் 5000 முதல் 6500, நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்லும் சிஆர்ஐ 90-க்கு மேல் என்று பெட்டியில் பாருங்கள். சிஆர்ஐ குறைந்த மலிவு பல்பில் சிவப்புச் சாயல்கள் செத்துப்போகும்.

வெள்ளையை வெள்ளையாகக் காட்டும்படி படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்புதான் ஒயிட் பேலன்ஸ். போனின் புரோ முறையில் அதைத் தானியங்கியில் விடாமல் ஒரே எண்ணில் பூட்டுங்கள். சரிபார்க்கப் புகைப்படச் சாம்பல் அட்டை சிறந்தது. ஜெராக்ஸ் தாள் வெள்ளைதானே என்று தோன்றும், ஆனால் அதில் வெளுப்பூட்டும் வேதிப்பொருள் கலந்திருப்பதால் லேசான நீலம் அடிக்கும். அதை வெள்ளையென்று நம்பித் திருத்தினால் காசு மஞ்சளாகும்.

பின்னணிக்கும் அதே சாம்பல்தான் பாதுகாப்பு. கறுப்பு வெல்வெட்டில் வெள்ளிக் காசை வைத்தால், படம் இருட்டாக இருக்கிறது என்று போன் நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும், அரசரின் கன்னம் வெளுத்து விவரமெல்லாம் போகும். வெள்ளைத் தாளில் வைத்தால் நேர்மாறாகக் காசு கருத்துவிடும். எதுவாக இருந்தாலும் வெள்ளிக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, அரை முதல் முக்கால் ஸ்டாப் குறைத்து வையுங்கள். இருட்டை ஓரளவு தூக்கி எடுக்கலாம், வெளுத்துப்போன இடத்தில் மீட்க ஒன்றும் இல்லை.

மற்ற எண்கள்: ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100 அல்லது அதற்குக் கீழ். கேமராவில் லென்சின் ஒளித்துளை எஃப்/8. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழுந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வையுங்கள். எச்டிஆரையும் ஏஐ அழகூட்டலையும் அணைத்துவிடுங்கள். முகத்தில் பருவை அழிக்கும் அதே திறமையோடு அவை காசின் தேய்மானத்தையும் அழித்துவிடும்.

எத்தனை படம், எதை எதை

தலைப்பக்கம் ஒன்று, பூப்பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே விளக்கில், ஒரே அளவில், நேராக நிமிர்ந்து இருக்க வேண்டும். இத்துடன் நிறுத்துபவர்கள்தான் அதிகம். தெரிந்த வாங்குபவரின் கேள்வி அதன் பிறகுதான் தொடங்கும்.

மூன்றாவது விளிம்பு. தெர்மோகோல் துண்டில் கத்தியால் ஒரு கீறு போட்டு அதில் காசைச் செங்குத்தாக நிறுத்தினால் விளிம்பு நேராகத் தெரியும். 1940-களின் ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயில் வெள்ளி பாதிதான். கள்ள நாணயத்தைத் தடுக்க விளிம்பின் நடுவே பள்ளம் ஓடும் பாதுகாப்பு விளிம்பை அதற்குக் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய ரூபாய்களில் வெறும் வரிவிளிம்பு. விளிம்புப் படம் இல்லாமல் இதைப் பார்க்க வழியே இல்லை.

நம் ஊர் வெள்ளி ரூபாய்களுக்கே உரிய ஒரு குறை, அவற்றில் பல கழுத்தில் தொங்கியவை. கொக்கி பற்றவைத்து மாலையில் கோத்து, பிறகு கொக்கியை அறுத்து விற்றவை. பன்னிரண்டு மணி இடத்தில் விளிம்பின் வரிகள் மழுங்கி, பற்றவைத்த உலோகம் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். முன்பக்கப் படத்தில் இது தெரியாது. இருந்தால் அந்த இடத்தை மட்டும் தனியே எடுத்துப் போடுங்கள். காசு மாற்றும் வணிகர்களான சராப்புகள் வெள்ளியைச் சோதிக்க வெட்டிப் பார்த்த சிறு வெட்டும் அப்படியே.

நான்காவது, ஆண்டும் அச்சகக் குறியும். சுதந்திரத்துக்குப் பிந்தைய காசுகளில் ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா. 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாயில் சின்னச் சின்னப் புள்ளிகளின் எண்ணிக்கையை வைத்தே வகை பிரிக்கிறார்கள். இந்த இடத்துக்கு விளக்கைத் தாழ்த்தி நெருங்கி எடுங்கள்.

ஐந்தாவது, தாழ்ந்த விளக்கில் முழுக் காசு. கன்னம், மீசை, கிரீடத்தின் மேல் வளைவு ஆகிய மேடான இடங்களின் தேய்மானத்துக்காக இது. கீறல் மிகையாகத் தெரியும் என்பதால் 'பக்க வெளிச்சத்தில்' என்று படத்தின் கீழே எழுதிவிடுங்கள்.

ஆறாவது எடை. 0.01 கிராம் காட்டும் சிறு தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 1835 முதல் வந்த வெள்ளி ரூபாயின் சட்ட எடை 11.66 கிராம். தேய்ந்த காசு சற்றுக் குறையும், ஆனால் 10 கிராமுக்குக் கீழே போனால் வாங்குபவருக்குச் சந்தேகம் வருவது நியாயம். தராசின் திரையும் காசும் ஒரே படத்தில் இருக்கட்டும்.

பிளாஸ்டிக் உறையில் இருக்கும் காசை உறையோடு எடுக்காதீர்கள். உறையின் கீறல் காசின் கீறலாகவே தெரியும். மலிவான பிவிசி உறையில் பல ஆண்டு கிடந்த காசில் பச்சைப் பிசுபிசுப்பு படிந்திருந்தால் அதையும் படத்தில் காட்டுங்கள். என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற நிறுவனங்கள் தரமிட்டு மூடிய கெட்டிப் பெட்டியை மட்டும் உடைக்கக் கூடாது. பெட்டியின் ஒரு பக்கத்தைச் சற்றே தூக்கி, அதே அளவு போனையும் சாய்த்தால் விளக்கின் பிம்பம் நகர்ந்துவிடும். சான்றிதழ் எண் தெளிவாகத் தெரிய ஒரு படம் வேண்டும்.

எடுத்த பிறகு

வெட்டலாம், நிமிர்த்தலாம், வெளிச்சத்தையும் ஒயிட் பேலன்சையும் கையில் இருக்கும் காசோடு ஒப்பிட்டுத் திருத்தலாம். அதற்கு மேல் தொடாதீர்கள். கூர்மையைக் கூட்டினால் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும். இரட்டை அச்சு விழுந்த பிழைக் காசைத் தேடுபவர் அதைப் பார்த்து ஏமாந்து வாங்கிவிட்டு உங்களோடு சண்டைக்கு வருவார். பின்னணியைத் தானாக அழிக்கும் ஆப் இன்னும் மோசம். அது காசின் ஓரத்தில் ஒரு நூலளவு கடித்துக்கொண்டுதான் வெட்டும். விளிம்பு அராவிய காசு போலத் தெரியும்.

வாட்ஸ்அப் குழுவில் விற்பவர்கள் படத்தைப் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், யானை மறுபடியும் பன்றியாகும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். ஆனால் அப்படி அனுப்பும்போது படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரமும் கூடவே போகும். வீட்டில் வெள்ளி இருக்கிறது என்று முகவரியோடு சொல்ல வேண்டாமே. கேமரா அமைப்பில் இருப்பிடத்தை முன்பே அணைத்துவிடுங்கள்.

படத்தைத் திருடித் தன் பொருள்போல விற்பவர்கள் இருக்கிறார்கள். காசின் முகத்தில் குறுக்கே கடைப் பெயரை எழுதினால் வாங்குபவருக்குத்தான் மறைப்பு. ஒரு படத்தில் மட்டும் காசுக்குப் பக்கத்தில் கடைப் பெயரும் தேதியும் கையால் எழுதிய துண்டுச் சீட்டை வைத்து எடுங்கள், பொருள் உங்களிடம் இருக்கிறது என்பதற்கும் அதுவே சாட்சி. விளம்பரம் போட்டதும் உங்களைத் தேடி வருபவர்களிலும் ஏமாற்றுக்காரர் உண்டு. ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் காட்டி, பழைய நோட்டு, நாணயம் வாங்கித் தருகிறோம் என்று கட்டணம், கமிஷன், வரி கேட்பவர்களைப் பற்றி 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்தது. அது அப்படி எதையும் வசூலிப்பதில்லை.

வெளிநாட்டுக்கு அனுப்புவதாகப் பட்டியலிடும் முன் ஒரு சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 1972 தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த காசும் தொல்பொருள்தான். தனியார் அதை நாட்டை விட்டு அனுப்ப முடியாது. பன்றி ரூபாயும் இதில் வரும். தொல்பொருள் வியாபாரத்துக்கான உரிமமும் இதே சட்டத்தில்தான் வருகிறது, தொழிலாகவே செய்ய நினைப்பவர்கள் முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

காசு அல்லாதவை

தபால்தலைக்கும் நோட்டுக்கும் போனைவிட ஸ்கேனர் மேல். 600 டிபிஐ, தபால்தலைக்குப் பின்னால் கறுப்பு அட்டை, அப்போதுதான் ஓரப் பற்கள் ஒன்று குறைந்தாலும் தெரியும். பின்பக்கப் பசையைக் காட்டாத தபால்தலைப் படம் பாதிப் படம். நோட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தும் ஒன்று எடுங்கள். முன்பெல்லாம் கட்டுகளைக் கம்பி அடித்தே வைத்ததால் பழைய நோட்டுகளில் ஊசித்துளை சகஜம், நேர்ப்படத்தில் அது தெரியாது.

எல்பி ரெக்கார்டில் ஒரே பல்பின் பிரதிபலிப்பு வரிகளின் மேல் நீளமாக விழும்படி சாய்த்தால் ஊசிக் கீறல் எல்லாம் எழுந்து நிற்கும். லேபிளையும், லேபிளுக்கு வெளியே வெற்று வட்டத்தில் பொறித்த எண்ணையும், உறையின் நான்கு மூலைகளையும் காட்டுங்கள். பழைய பிலிம் கேமராவுக்கு லென்சின் பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் எடுங்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பூஞ்சை சிலந்தி நூல் மாதிரி பரவியிருப்பது வேறெப்படியும் தெரியாது. பித்தளைச் சாமானுக்கு முன்சொன்ன துணிக் கூடாரமும், அடிப்பக்கப் படமும், மி.மீ. அளவுகோலும்.

கடைசியாக விவரக் குறிப்பு. படமும் எழுத்தும் ஒன்றையொன்று சுட்ட வேண்டும். இப்படி:

'ஐந்தாம் ஜார்ஜ், ஒரு ரூபாய், வெள்ளி, 1918. எடை 11.54 கிராம் (படம் 6). துலக்கப்படவில்லை. கன்னத்திலும் மீசையிலும் தேய்மானம் (படம் 5, பக்க வெளிச்சத்தில்). பூப்பக்கம் 4 மணி இடத்தில் 2 மி.மீ. கீறல் (படம் 2). விளிம்பில் 12 மணி இடத்தில் கொக்கி அறுத்த தடம் (படம் 3). நிறம் சாம்பல், ஓரத்தில் லேசான பழுப்பு. எல்லாப் படங்களும் 5500 கெல்வின் எல்இடி விளக்கில் எடுத்தவை.'